உள்ளே கை வைக்காதே

வல்லரசுவை எனக்குப் பாலிடெக்னிக் காலத்திலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விழுப்புரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவன் செய்ததை யாராவது பாராட்டினால் போதும், அதற்குப் பிறகு அதில் ஒரு ஆணி மாற்றக்கூட விடமாட்டான். அப்படி ஒரு பிறவி.

என் கெட்ட நேரம், திண்டிவனத்தில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரத்தப் பரிசோதனை லேபில் ஓடுவது அவன் எழுதிய புரோகிராம். அவன் எழுதியது என்று பெயர்தான். ரிப்போர்ட்டை அச்சடிக்கும் பகுதி, யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டது. அதை எடுத்துத் தன் புரோகிராமுக்குள் வைத்துக்கொண்டான். அதில் தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். கடையில் சாம்பார்ப் பொடி வாங்கிக் குழம்பு வைக்காத வீடு உண்டா? ஆனால் பொடியில் வண்டு விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அதையே போட்டுக் கொதிக்கவைப்பேன் என்றால்?

வண்டு விழுந்ததைச் சொன்னது நானில்லை, அந்தப் பகுதியை எழுதியவர்களே சொன்னார்கள். பழைய பதிப்பில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளியாள் நுழைந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிடலாம், உடனே புதியதைப் போடுங்கள் என்று அறிவித்திருந்தார்கள். வல்லரசுவுக்குப் போன் போட்டேன்.

"நல்லா ஓடிக்கினு இருக்குதா இல்லையா?" என்றான்.

"ஓடுது. ஓட்டையோட ஓடுது."

"அப்ப உள்ள கை வெக்காத. கை வெச்சா நான் பொறுப்பில்ல."

"ஏன் வைக்கக் கூடாது? காரணம் சொல்லு."

"எழுதனவன் சொல்றேன், அது போதாதா உனக்கு?" என்று போனை வைத்துவிட்டான்.

காரணம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் தன் கிரீடம் இறங்கிவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

லேப் முதலாளி டாக்டர் சீனுவாசனிடம் போய்ச் சொன்னேன். "எது பாதுகாப்போ அதைச் செய்யுங்க ராஜ்குமார்" என்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதிய பகுதியை வைத்தேன். 'டெஸ்ட் பேஷன்ட்' என்ற பெயரில் ஒரு ரிப்போர்ட் அடித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் முன்பைவிடத் தெளிவாக வந்தது. அன்றைக்கு மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் வல்லரசு விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்து நின்றான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் இருந்த நூர்நிஷா எழுந்து நிற்கிற அளவுக்குச் சத்தம்.

"என் புரோகிராமுக்குள்ள கை வெக்க நீ யாருடா?"

"உன்னோடதுல வெக்கல. ஓசியில எடுத்து உள்ள வெச்சுக்கினியே, அதுல வெச்சேன்."

"ஊர்ல எத்தினி லேப்ல இது ஓடுது தெரியுமா? ஒருத்தன் பேஜாரு பண்ணது இல்ல. நீ ஒருத்தன்தான்."

"மத்தவனுக்கு ஓட்டை இருக்கிறதே தெரியாது, அதான்."

ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டபடியே வேடிக்கை பார்த்தார்கள். நான் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்குள் லேப் போன் அடித்தது. நூர்நிஷா எடுத்துப் பேசினாள். பேசப் பேச அவள் முகம் வெளுத்தது.

கடைவீதியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பேசியிருக்கிறார். பச்சைமுத்து என்று ஒருவர், மாரடைப்பு என்று காட்டும் எங்கள் ரிப்போர்ட்டோடு அலறியடித்து ஓடிவந்தாராம். நெஞ்சுவலியே இல்லையாம். காய்ச்சலுக்குத்தான் ரத்தம் கொடுத்தேன் என்கிறாராம். ஈசிஜி சுத்தமாக இருக்கிறதாம். இது யாருடைய ரிப்போர்ட் என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். காலையில் இரண்டு பச்சைமுத்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பெருமுக்கல்தான் ஊர். இரண்டு பேருக்கும் அறுபதையொட்டிய வயது. அந்தப் பக்கம் பச்சையம்மனைக் கும்பிடும் வீடுகளில் தலைப்பிள்ளைக்கு அந்தப் பேர்தான். பில் எண்ணை யாரும் பார்ப்பதில்லை, அதனால் அப்பா பேரின் முதல் எழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். கே. பச்சைமுத்து, எம். பச்சைமுத்து. கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருந்தது; மாரடைப்பைக் காட்டியது எம். பச்சைமுத்துவின் ரத்தம். அச்சில் வந்த இரண்டு தாளிலும் வெறும் பச்சைமுத்து.

"இனிஷியல் இல்லாமத்தான் வந்துச்சு சார்" என்றாள் நூர்நிஷா. "ரெண்டு பேரும் ஒரே ஊருன்னு தெரியாம ஊர் பேர கேட்டுக் குடுத்துட்டேன். ஒருத்தர உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். இன்னொருத்தர்கிட்ட ஒண்ணுமில்ல, நல்லாருக்கீங்கன்னு சொல்லி அனுப்பினேன்."

வல்லரசு தாளைப் பிடுங்கிப் பார்த்தான். "போச்சு" என்றான். குரலில் சத்தமே இல்லை. "அந்த பிரிண்ட் பகுதி, பேருக்கு முன்னாடி புள்ளி வெச்ச எழுத்து வந்தா டாக்டர், மிஸ்டர் மாதிரி பட்டம்னு நெனச்சு வெட்டிடும். அத நான்தான் கையால மாத்தி வெச்சிருந்தேன்."

"அடப்பாவி, அதை அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு வாயில்லையா?"

"கை வெக்காதன்னு சொன்னேன் இல்ல?"

அவன் சட்டையைப் பிடித்தேன். உண்மையாகவே அடித்திருப்பேன். நூர்நிஷா இடையில் வந்து, "அப்புறம் அடிச்சிக்கோங்க, அந்த எம். பச்சைமுத்துவ ஜல்தி பாருங்க" என்று கத்தினாள்.

பதிவில் இருந்தது அவர் மகள் பொன்னியின் எண். அவள் சந்தோஷமாகப் பேசினாள். "ரிப்போர்ட்டு நல்லாருக்குன்னு அப்பா போன் பண்ணாங்க சார். ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னு ஒரே பயம். நல்லபடியா வந்தா மலையேறித் தேங்கா உடைக்கிறேன்னு வேண்டிக்கினாங்க. அம்மாவையும் கூட்டிக்கினு பஸ்ஸுல போறாங்க."

மாரடைப்போடு ஒரு மனிதர் பெருமுக்கல் மலையேறப் போகிறார். நாங்கள் கொடுத்த தாளை நம்பி.

அம்மாவுக்குப் போன் இல்லையாம், அப்பா எடுக்கவில்லையாம். ஆம்புலன்ஸை மலையடிவாரத்துக்கு வரச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பைக் வல்லரசுவுடையது. பின்னால் ஏறிக்கொண்டேன். மரக்காணம் சாலை முழுக்கச் சண்டைதான்.

"பழசையே திருப்பிப் போட்டுடு" என்று காற்றில் கத்தினான்.

"ஓட்டைய எவன் அடைக்கிறது?"

"புதுசுல நான் மாத்துனத சேத்துக் குடுக்கறேன்."

"எந்த இடத்தில மாத்தின?"

வண்டியை இன்னும் முறுக்கினான். மறுபடி கேட்டேன். "ஞாபகமில்லடா. அப்பவே எங்கயும் எழுதி வெக்கல" என்றான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வெறுப்பு ஒரு முதுகின் மேல் வரும் என்று எனக்குத் தெரியாது. இனிஷியலோடு ஒரு உண்மையான பெயரைப் போட்டுப் பார்க்காத என் மேலும் அதே அளவு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

எம். பச்சைமுத்து மலையில் பாதிகூட ஏறியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்து இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் வேர்வை. அவர் மனைவி கோவிந்தம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு, மடியில் தேங்காயை வைத்திருந்தார்.

"நல்லாருக்குன்னு சொன்னீங்களேய்யா" என்றார் பச்சைமுத்து எங்களைப் பார்த்து. லேபிலிருந்து வருகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

நான் தோள் பக்கம், வல்லரசு கால் பக்கம். பார்த்து வை, மெதுவா, நீ வேகமா போற, நீதான் வளைக்கிற என்று படிக்குப் படி திட்டிக்கொண்டே இறக்கினோம். கீழே ஆம்புலன்ஸ் நின்றது. உடன் வந்தவர் நாடியைப் பார்த்துவிட்டு, "மேல போய்ச் சேர்ந்திருந்தா தூக்கிக்கினு வர்றதுக்கே வேலை இருந்திருக்காது. இப்ப பொழச்சுக்குவாரு" என்றார். கோவிந்தம்மாள் தேங்காயை விடாமல் வண்டியில் ஏறினார்.

பின்னாலேயே போனோம். ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மேசையில் இருந்த நர்ஸ் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரு?" என்றாள்.

"பச்சைமுத்து" என்றார் கோவிந்தம்மாள்.

"எம்! எம். பச்சைமுத்து!" என்று நானும் வல்லரசுவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

நர்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "காது கேக்குதுங்க, எதுக்குக் கத்துறீங்க?" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். அவள் அந்த எழுத்தை எழுதி, பக்கத்தில் புள்ளி வைக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மேசையை விட்டு நகரவில்லை.