பலூனில் எழுதிய பயம்

மைத்துனனின் நச்சரிப்பு தாங்காமல்தான் பீரங்கிக்காரர் அந்த மனநல முகாமுக்கு வந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கென்றே நடத்துகிறார்களாம். ஆலோசகரைப் பார்த்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொசு அடிக்கவே ஆள் கூப்பிடுகிற முகம். இது நமக்குத் தைரியம் சொல்லப்போகிறது.

ஆலோசகர் ஆளுக்கொரு பலூனும் குண்டூசியும் கொடுத்தார். "ஊதிக் கட்டிட்டு, உங்க பயம் என்னன்னு அதுமேல எழுதுங்க. அப்புறம் குத்தி உடைச்சிடுங்க. பயம் காலி."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் பீரங்கிக்காரர்.

"எதிர்க்கேள்வி வேணாம் சார். எழுதுங்க."

எல்லோரும் எழுதினார்கள். பின்வரிசையில் ஓர் அவசரக்குடுக்கை தன் பலூனைக் குத்தித் தொலைத்தான்.

மறுகணம் நாற்காலிகளில் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு தரையில் குப்புறக் கிடந்தார்கள். நின்றது ஆலோசகரும், துணைக்கு வந்திருந்த மைத்துனனும்தான்.

"பாருங்க, பயம் வெளிய வருது," என்று பூரித்துப்போனார் ஆலோசகர்.

பீரங்கிக்காரர் கிடந்தபடியே தன் பலூனை அவர் காலடிக்குத் தள்ளிவிட்டார். "எழுதச் சொல்லத் தெரிஞ்சுதே, படிக்கத் தெரியுமா?"

அதில் 'வெடிச் சத்தம்' என்று எழுதியிருந்தது. தரையில் உருண்ட மற்ற பலூன்களிலும் அதுதான்.