வில்லை எடுத்தால் நின்றுவிடும் கார்

புகைப்படக்காரரின் பழைய கார், அவர் மனைவி வயலின் வாசிக்கும்போது மட்டும் ஓடியது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பெட்ரோல் விலை ஏறியதைப் பேசியது போலவே இதையும் தெரு ஒரு வாரம் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. அதற்கு முன் அந்தக் கார் கொட்டகையை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. மெக்கானிக்கான மைத்துனன் எஞ்சினை இறக்கி ஏற்றிப் பார்த்துச் சலித்துவிட்டு, "மாமா, போட்டோ எடுக்க வேணா இதை வச்சுக்குங்க, ஓட்டுறதை மறந்துடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். மனிதரும் அதைத்தான் செய்தார். உருண்டை முன்விளக்கையும் பளபளக்கும் பம்பரையும் விரிசல் விட்ட தோல் இருக்கையையும் காலை வெயிலில் ஒரு தரம், மாலை வெயிலில் ஒரு தரம் என்று எடுத்துத் தள்ளினார்.

அவருக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஜன்னலில் வெளிச்சம் மாறினால் எச்சில் கையோடு எழுந்து ஓடுவார். வீட்டில் கேமரா இல்லாத அலமாரி கிடையாது. சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் லென்ஸ் இருக்கும். இசை என்றால் உயிர், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் கேட்ட ஆளில்லை. மனைவி இசைக்குழுவோடு மேடையில் இருக்கும்போது முன் வரிசைக்கும் பக்கக் கதவுக்குமாக அலைந்து, அவள் கழுத்துச் சாய்வதை, விரல் நடுங்குவதைச் சடசடவென்று எடுப்பார். எப்படி வாசித்தேன் என்று அவள் கேட்டால், "வெளிச்சம் பிரமாதம்" என்பார். முதல் சில வருஷம் அவள் சிரித்தாள், அடுத்த சில வருஷம் சிரிக்கவில்லை, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

தவறு அவர் கையால்தான் நடந்தது. எடுத்து முடித்த ஃபிலிம் ரோலின் நுனியைக் கிழித்து வைப்பது அவர் வழக்கம், புதிதோடு கலந்துவிடக் கூடாதே என்று. ஒரு நாள் காரை எடுத்த ரோலைக் கிழிக்காமல் பையில் போட்டவர், அவசரத்தில் அதையே மறுபடி மாட்டி மனைவியின் நிகழ்ச்சியை எடுத்தார். கழுவிப் பார்த்தால் கார் மேல் அவள், அவள் மேல் கார். ஒரே ஒரு படத்தில் மட்டும் எல்லாம் அச்சாகப் பொருந்தி, அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே எங்கோ போவது போலிருந்தது. அவருடைய படங்களின் கண்காட்சியில் அதைத்தான் நடுச்சுவரில் மாட்டினார்கள். எத்தனை நாள் யோசித்தீர்கள் என்று வந்தவர்கள் கேட்க, மனிதர் கொஞ்சமும் கூசாமல் "ரொம்ப நாள்" என்றார். மனைவி அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். "உங்க கார்ல நான் போறது இந்தத் தப்பான படத்துலதான். அதுலயும் நீங்க பக்கத்துல இல்ல" என்றாள்.

மறுநாள் காலை அவள் மாடியில் பயிற்சியைத் தொடங்கியதும் கொட்டகையில் கார் உறுமியது. ஓட்ட ஆளில்லாமலே வாசலைத் தாண்டித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் கேமராவோடு பின்னாலேயே ஓடினார். படமெல்லாம் கலங்கலாகவே வந்தது. மைத்துனன் எஞ்சினில் காதை வைத்துப் பார்த்து, "அக்கா வாசிக்கிறதுதான் மாமா உள்ள கேக்குது" என்று சொல்லி, பிரேக்கை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனான்.

அந்த வருஷமே ஊர் ஊராகப் போகும் பெரிய இசைக்குழு ஒன்று அவளைக் கூப்பிட்டது. ரயிலடியில் அவள் வெளிப்படையாகச் சொன்னாள்: "பின்னாடியே வராதீங்க. வந்தாலும் படம்தான் எடுப்பீங்க. திரும்பி வர்றதா வேணாமான்னு அங்க போய்த்தான் யோசிக்கணும்." ரயில் போனதும் அவர் வீட்டுக்கு வந்து அறை அறையாக நடந்தார். சாயங்காலம் கார் உறுமியதும் போட்டது போட்டபடி ஓடி ஏறிக்கொண்டார். கேமரா மேஜையிலேயே கிடந்தது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே இரண்டு கையும் போதவில்லை.

அவள் போன திசையிலேயே ஓட்டினார். நிகழ்ச்சி நடக்கும் வரை கார் ஓடும், முடிந்ததும் முடிதிருத்தும் கடை வாசலோ பாலத்தின் நடுவோ, எங்கே இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். பின் இருக்கையில் முடங்கிப் படுத்து மறுநாள் சாயங்காலத்துக்காகக் காத்திருப்பார். ஓடும் காரிலிருந்து எழுந்து ஓட முடியாததால், வாழ்க்கையில் முதல் தடவையாக, எஞ்சினுக்குள் கேட்ட அவள் வாசிப்பை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கேட்டார். வாரங்கள் போனதில் எல்லாம் மனப்பாடமாயிற்று. ஒரு நாள் செங்குத்தான மேட்டில் பாட்டின் நடுவே எஞ்சின் சட்டென்று அடங்கி, கார் பின்னோக்கி உருண்டது. பிரேக் பிடிப்பதற்குள் அவள் மறுபடி தொடங்கிவிட்டாள்.

கடைசியில் ஒரு நகரத்து அரங்கத்தின் பின்வாசலில் கார் நின்றது. வயலின் பெட்டியோடு வெளியே வந்தவள், தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படி வாசிச்சேன்னு கேக்க மாட்டேன்."

"கேக்காட்டியும் சொல்றேன். ரெண்டாவது பாட்டை நாளுக்கு நாள் மெதுவாக்கிக்கிட்டே வர்ற. கேக்கவே பாரமா இருக்கு. போன வாரம் நடுவுல நிறுத்தியே போயிட்ட. மேட்டுல வண்டி பின்னால உருண்டு, எனக்கு உயிரே போயிடுச்சு. என்னம்மா ஆச்சு?"

அவள் வயலின் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"முன் வரிசையில யாரோ போட்டோ எடுத்தாங்க. சத்தம் கேட்டுச்சு. நீங்கதான்னு நினைச்சுட்டேன்."

புகைப்படக்காரர் அங்கேயே, வெளியே வந்துகொண்டிருந்த இசைக்குழு முழுக்கப் பார்க்க, அழுதார். அவள் முன் கதவைத் திறந்து ஏறினாள்.

அதற்குப் பிறகு ஊர் விட்டு ஊர் போவதெல்லாம் இரண்டு பேரும் அந்தக் காரில்தான். அவர் ஓட்ட, பக்கத்தில் அவள் வாசிப்பாள். சிக்னலில் சிவப்பு விழுந்தால் வில்லை எடுப்பாள், பச்சைக்கு மறுபடி வைப்பாள். கொஞ்சம் தாமதித்தால் பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் தலையை நீட்டி, "வாசிம்மா, நேரமாகுது!" என்று கத்துவார்கள்.