ஓவன்மேல் விழுந்த பழி

என் வீட்டுக்காரருக்குப் பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. வேலையை வெளியிலேயே விட்டுவிட்டு வருகிற ஆண்கள் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. வீட்டுச் சோபாவில் நான் உட்கார்ந்திருந்தால்கூட, டிக்கெட் எடுத்தாயா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். அப்படிப்பட்டவர் கையில்தான் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் அந்தத் திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் கீழே, மாடிப்படிக்கு அடியில், மற்ற வீட்டு மீட்டர்களோடு ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பது அதன் ஒற்றன். பேட்டரியில் ஓடுகிற சின்னத் திரை. கரண்ட் குறைவாகச் செலவானால் பச்சை, எகிறினால் சிவப்பு. அதை ஹாலில் நடுநாயகமாக வைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் அதன் எதிரில் உட்கார்ந்துகொள்வார்.

என் கெட்ட நேரம், மீட்டர் வந்த அதே மாதம்தான் நான் ஓவன் வாங்கினேன். விடியற்காலையில் எழுந்து கேக் செய்து, ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவிடுவேன். யாரோ முகம் தெரியாதவர்கள் போனில் கூப்பிட்டு, "கேக் அக்காவா பேசறது?" என்று கேட்பார்கள். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

பிறகு பில் வந்தது. பழைய பில்லைவிட இரண்டு மடங்கு. இவர் ஓவனைப் பார்த்தார். ஓவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

"என்னங்க, நான் ஓவன் போடறது காலையில. இது சாயங்காலமும் சிவப்பாத்தானே எரியுது?"

"ஆஃப் பண்ணாலும் உள்ளுக்குள்ள உறிஞ்சிக்கிட்டே இருக்கும்மா. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் சேமிப்புச் சிங்கம். ஸ்மார்ட் மீட்டர் வந்ததிலிருந்து அவர் பில் பாதியாகக் குறைந்துவிட்டது. ரகசியம் என்ன தெரியுமா? போன் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவாராம். வீட்டில் நாள் முழுக்க ஏசி. வெந்நீர் ஓடுகிற மீன் தொட்டி. சாயங்காலமானால் முதுகு பிடித்துவிடுகிற நாற்காலி வேறு. ஆனால் சார்ஜரைக் கழற்றிவிடுவார்! குடியிருப்போர் கூட்டத்தில் அவரை மேடையேற்றிப் பேச வைத்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிங்கத்தின் ஆட்சி. வெந்நீர் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவைதான் இஸ்திரி. நாங்கள் பச்சைத்தண்ணீரில் குளித்து நடுங்க நடுங்க, சிங்கத்தின் பில் இன்னும் இறங்கியது. எங்கள் வீட்டுச் சிவப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு வருஷம் இப்படியே ஓடி, கடைசியில் தீர்ப்பு வந்தது. ஓவனை டீக்கடைக்காரருக்கு விற்றுவிடுவது. காலையில் இவரே அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்றார்.

பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். கேக் போனதற்காக மட்டும் இல்லை. ஒரு வருஷமாக என் சமையலறையில் நானே திருடி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். சுவிட்சைப் போடும்போதெல்லாம் கை கூசியது. அது எனக்குத் தாங்கவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால், திரை சிவப்பாக எரிகிறது. ஓவனோ கயிற்றுக்கட்டுக்குள் கிடக்கிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஸ்டூலில் ஏறி வீட்டு மெயின் சுவிட்சையே அணைத்தேன். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு முனகல் முனகி அடங்கியது. ஒற்றன் மட்டும் சிவப்பாகவே முறைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு ஏசியின் உறுமல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

திரையை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டினேன். சிங்கம் அடுத்த தெருவில் சிக்கனத்தைப் பற்றிப் பேசப் போயிருந்தது. அதன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கதவைத் திறந்தார். உள்ளே அப்படி ஒரு குளிர். அவர்கள் திரையில் பளிச்சென்று பச்சை, எண் பூஜ்யம்.

"இவ்வளவு ஓடியும் பூஜ்யமா, அக்கா?"

"சார்ஜரைக் கழட்டிட்டோம்ல," என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். அடுத்த நொடி இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

ஓடிவந்து மெயினைப் போட்டு, கயிற்றை அறுத்து, ஓவனை வெளியே எடுத்துச் சொருகினேன். பால்கனியில் நின்று கத்தினேன்.

"அக்கா, போட்டாச்சு!"

"எங்களுது ஏறுதுடீ! சிவப்பு!"

"இப்ப உங்க ஏசியை அணைங்க!"

என் கையில் இருந்த திரை பச்சையானது. ஒரு வருஷத்தில் முதல் பச்சை.

அக்கா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ இத்தனை நாளா எங்க மீனுக்கு நீங்களா வெந்நீர் போட்டீங்க?"

"நாங்க பச்சைத்தண்ணியில குளிச்சு போட்டோம்க்கா."

கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் தேன் தடவிப் பேசினாள். "மேடம், ஆளை அனுப்பிச் சோதிச்சு, எல்லாம் சரியா இருந்தா அந்தச் செலவு உங்களோடது."

"தப்பா இருந்தா?"

"அது... எங்களோடது மேடம்."

"அதை ஏம்மா முதல்ல சொல்லல? எழுதிக்கோ. சோதனை வேணும்னு கேக்க எனக்கு உரிமை இருக்கு. அது முடியற வரைக்கும் இந்த பில்லைக் காட்டி என் கரண்டை வெட்டக் கூடாது. ஒரு வருஷமா அதிகமா வாங்கினது திரும்பி வரணும். புகார் நம்பரைக் கொடு."

நம்பரைக் கொடுத்தாள். தேன் வற்றிவிட்டிருந்தது.

சாயங்காலம் இவர் டீக்கடைக்காரரோடு வந்தார். அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் திரையை இவர் கையில் கொடுத்து, பால்கனியில் நின்று குரல் கொடுத்தேன். அக்கா ஏசியைப் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். இவர் கையில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தன. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் எப்படி விழிப்பார்கள் என்று இவர் எனக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு நடிப்பு தேவைப்படவில்லை.

"சார், ஓவன்?" என்றார் டீக்கடைக்காரர்.

"விக்கறதுக்கில்ல," என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் கம்பெனி ஆள் வந்து இரும்புப் பெட்டியைத் திறந்தார். மீட்டர் மாட்டிய அன்றே இரண்டு வீட்டு எண்களையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிங்கம் பின்னால் நின்று, "நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, அப்படியே விட்டுடலாமே," என்று சொல்லிப் பார்த்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தார். சிங்கம் உள்ளே போய்விட்டது.

எங்கள் பணம் திரும்ப வருகிறது என்று கடிதம் வந்தது. இவரிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. டிக்கெட் இல்லாதவர்களின் மன்னிப்பைக் கேட்டுக் கேட்டே பழகிய காது இவருக்கு; மன்னிப்புக் கேட்கிற வாய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் ஹாலில் இருக்கும்போது ஓவனைப் போட்டேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. முழுச் சூடு. திரை ரத்தச் சிவப்பானது. இவர் எழுந்து வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லையேம்மா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் எரியுது?"

"ஒரு வருஷம், எரியாததுக்கெல்லாம் திட்டு வாங்கியாச்சு. அந்தக் கணக்குல எரியுது."

இவர் ஹாலுக்குப் போய், அந்தத் திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து, காலி ஓவன் எதிரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.