புரட்டி வைத்த தாள்

கணக்கு டீச்சருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் இந்த ஒரு பாடத்துக்கு எங்கிருந்தோ அதைக் கடன் வாங்கி வந்தார். எக்ஸின் வர்க்கத்துக்கு வரைகிற கோடு ஒரு தாய். கிண்ணம் மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகளுக்கெல்லாம் அதே முகஜாடை. ஒருவன் மேலே ஏறி நிற்பான், ஒருவன் பக்கத்தில் தள்ளி நிற்பான். அவ்வளவுதான் பாடம்.

தகராறெல்லாம் தள்ளி நிற்பவனிடம்தான். எக்ஸ் கழித்தல் மூன்று, அதன் வர்க்கம். எந்தப் பக்கம் நகரும்? வகுப்பே இடப்பக்கம் என்றது.

"மைனஸ்னா இடப்பக்கம்தானே டீச்சர்?" என்று வாயாடி எழுந்தாள். எதையும் சண்டை போட்டே ஒத்துக்கொள்கிற பெண்.

"நீயே போட்டுப் பாரு. எக்ஸுக்கு எதைப் போட்டா பூஜ்யம் வருது?"

போட்டுப் பார்த்தாள். மூன்று போட்டால் பூஜ்யம். அப்படியானால் கிண்ணத்தின் அடி மூன்றில், வலப்பக்கம். "அட, ஆமா," என்றவள் அன்று முழுக்கத் தோழிகளிடம் அதையே சொல்லிக்கொண்டு அலைந்தாள்.

தேர்வு முடிவு வந்தது. வரைபடக் கேள்விகள் இரண்டிலும் வாயாடிக்கு முட்டை. மேல் கணக்கு வகுப்பில் அவளுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. விடைத்தாளைப் பிரித்த டீச்சருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு படமும் வலப்பக்கம் நகர்ந்து, பிசகில்லாமல் இருந்தன. மேலே சிவப்பில் பெருக்கல் குறி. யோசிக்காமல் இடப்பக்கம் இழுத்துவிட்ட சோம்பேறிகளுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

திருத்தியவர் கணக்குத் துறைத் தலைவர். டீச்சரின் கணவரும் அவரேதான். அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சரியான கோடுகளைக் கண்ணாடித்தாளில் வரைந்து ஒவ்வொரு விடைத்தாளின் மேலும் வைப்பார். பொருந்தினால் சரி, இல்லாவிட்டால் தப்பு. டீச்சர் ஆசிரியர் அறைக்குப் போய் அவர் மேசையிலிருந்த தாளை எடுத்து வாயாடியின் படத்தின் மேல் வைத்தார். பொருந்தவில்லை. புரட்டி வைத்தார். பொருந்தியது. தாளில் எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது. நடுவிலிருக்கும் தாய்க்கோடுகளோ இடவலமாகப் புரட்டினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். மனிதர் கட்டு முழுவதையும் பின்பக்கத்தை வைத்தே திருத்தித் தள்ளியிருக்கிறார்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். முகம் சுருங்கியது. "சரி, தப்புதான். ரிசல்ட் எல்லார் வீட்டுக்கும் போயாச்சு. இப்ப மாத்தினா என் மானம் போயிடும்."

"அவ படிப்பு போகுதே, அது பரவாயில்லையா?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அன்று வீட்டிலும் அவர் சார்தான். தட்டை வைக்கும்போதுகூட "சாப்பிடுங்க சார்" என்றார் டீச்சர். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். மறுநாள் காலையில் மனிதர் வழிக்கு வந்தார், அதுவும் அரைகுறையாக.

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் மறுதேர்வு வெச்சுடு. அதே கேள்விங்க. தாளைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாத, அவகிட்டயும்தான்."

டீச்சருக்கு அது நியாயமாகப் படவில்லை. மற்ற பிள்ளைகளின் மதிப்பெண் என்ன ஆவது? இருந்தாலும் இவளுக்காவது இடம் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

காலி வகுப்பறையில் வாயாடி மளமளவென்று வரைந்து நீட்டினாள். கிண்ணம் இடப்பக்கம் இருந்தது.

"மூணு போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் டீச்சர். வலப்பக்கம்தான் வந்துச்சு. போன தடவ அப்படிப் போட்டதுக்குத்தான் தப்புன்னுட்டீங்களே." குரலில் சண்டையே இல்லை. "எந்தப் பக்கம் வேணும்னு நீங்களே சொல்லிடுங்க. அழிச்சிட்டு மாத்திப் போட்டுடறேன்."

டீச்சர் அந்தத் தாளைக் கிழித்தார். இந்த முறை கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஆசிரியர் அறைக்குப் போய், எல்லோரும் பார்க்கக் கணவரின் மேசை முன்னால் நிறுத்தினார்.

"இவ மொதல்ல போட்டது சரின்னு இவ முகத்தப் பாத்து நீங்க சொல்லுங்க சார். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன்னு அப்புறம் நான் சொல்றேன்."