பேர் எழுதாத குடுவை

பேய், பிசாசு, கனவில் வரும் செய்தி எதையும் நான் நம்புகிறவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கோவிக்கக் கூடாது.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில் நான் தோல் வளர்க்கிறேன். தீயில் வெந்தவர்களுக்கு ஒட்டுவதற்கான தோல். ஒட்டுவது பெரிய காரியமில்லை, உடம்பு அதை ஏற்க வேண்டுமே! அன்னியத் தோலைக் கண்டால் இரத்தத்தின் வெண்குழியங்கள் தெருநாய் மாதிரிப் பாயும். அவை சண்டைக்குப் போகாத தோலைத் தேடுவதுதான் என் வேலை. ஒரு கொத்துரொட்டிக்கு ஆசைப்பட்டு என் தம்பி சுகிர்தனும் கையிலிருந்து பொட்டளவு தோல் தந்தான். "உன்னைவிட உன்ர தோல் சொல்வழி கேட்குதடா" என்று அவனைச் சீண்டுவேன்.

பிறகு கப்பல்துறையில் ஒரு லொறி அவனுடைய மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டுப் போனது. சாம்பலைக் கடலில் கரைத்தோம். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடித்தோம். அதன் பிறகுதான் அம்மா சாப்பாட்டை விட்டார்.

"தம்பி கனவில வாறான் பிள்ளை. குளிருது அம்மா எண்டு நடுங்குறான். சுடுதண்ணிக் கிணத்தடியில வைச்சு அனுப்பின பிள்ளைக்கு என்ன குளிர்? கிரியையில ஏதோ விடுபட்டுப் போச்சு. அவன்ர ஏதோ ஒண்டு மிச்சம் கிடக்கு."

"ஒண்டும் மிச்சமில்லை அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ."

மிச்சம் இருந்தது. ஆய்வுகூடத்தின் உறைகுளிர்த் தாங்கிக்குள், ஒரு சின்னக் குழாயில், அவன் தந்த தோலிலிருந்து எடுத்த உயிர்க்கலங்கள். கடைசிக் குழாய். அம்மாவுக்கு அது தெரியாது. அந்தக் குளிரில் கிடந்தால் அவை எத்தனை வருஷமும் அப்படியே இருக்கும். சூட்டுக்கு எடுத்தால் வளரும், பெருகும், பிறகு ஒருநாள் களைத்து நின்றுவிடும். நான் எடுக்கவில்லை. அவனில் எனக்கு எஞ்சியது அது மட்டும்தான்.

ஆனால் அம்மா எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தார். ஒருநாள் எனக்கு என்மீதே ஆத்திரம் வந்து, குழாயை எடுத்து உருக்கி, ஒரு குடுவையில் விட்டு, உடம்புச் சூடுள்ள பெட்டிக்குள் வைத்தேன். குடுவையில் பேர் எழுதக் கை வரவில்லை.

மறுநாள் அம்மா சொன்னார்: "இண்டைக்கு அவன் நடுங்கேல்ல." அம்மா அரைக் கோப்பை சோறு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கலங்களுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ஊட்டத் திரவம் இருக்கிறது. அதை மாற்றுவதைச் சாப்பாடு போடுவது என்றுதான் நாங்கள் சொல்வோம். என் உதவியாளர் பாஹிம் கிண்ணியாவிலிருந்து வந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டார்.

ஒரு காலை அம்மா கஞ்சியோடு வந்து கட்டிலில் இருந்தார். முகம் மறுபடியும் வாடியிருந்தது.

"பசிக்குதாம் பிள்ளை. நான் குடுத்தனான், வேண்டாமெண்டிட்டான். அக்கா வரேல்ல எண்டு அழுறான்."

போனை எடுத்துப் பாஹிமைக் கூப்பிட்டேன்.

"எல்லாத்துக்கும் சாப்பாடு போட்டிட்டன் மிஸ்," என்றார். "பேர் எழுதாத ஒரு குடுவை மட்டும் கிடக்கு. ஆரிண்டது எண்டு தெரியாம நான் தொடேல்ல."

அவரில் பிழையில்லை. பேரில்லாத குடுவையை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வைச்சிருக்கிறாய் எண்டு நான் கேட்கேல்ல. சாவியை எடு, நானும் வாறன்."

குடுவைக்குள் திரவம் மஞ்சளாகிப் போயிருந்தது. பசி முற்றினால் அந்த நிறம்தான். பதறிக்கொண்டு புதுத் திரவத்தை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"முதல்ல பேரை எழுது. பேர் சொல்லாமல் படைச்சால் அவனுக்கு எப்பிடிச் சேரும்?"

சுகிர்தன் என்று எழுதினேன். எழுத்துக் கோணியது. சாப்பாடு போட்டேன்.

"எவ்வளவு காலம் இருப்பான்?"

"கொஞ்சக் காலம் அம்மா. பிறகு தானா நிண்டிடும்."

"நிண்டவுடன சொல்லு. இன்னொருக்காக் கன்னியாவுக்குப் போவம்."

வீட்டுக்கு வந்து அம்மா தானே சோறு போட்டு, வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு ஒரு பிடி இறங்கவில்லை. அம்மா பிள்ளையை ஒருமுறைதான் சாகக் கொடுத்தார். இரண்டாம் முறை அவன் சாவதைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறவள் நான்.