கட்டிலுக்கடியில் இருந்த வண்டி

வக்கீலம்மா செய்தித்தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோதே காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்லப்போகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. பக்கத்தின் கீழ்மூலையில் அலசீத்தா பொம்மைச் சந்தைப் படம் ஒன்று போட்டிருந்தார்கள். படத்தில் என் கொமாத்ரே பசீலியா, என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள், தொப்பியும் முன்பல் தங்கமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தகரத்தில் செய்த குட்டி வீடுகள், குட்டிப் பெட்டிகள், குட்டிக் கார்கள். அவற்றுக்கெல்லாம் முன்வரிசையில், உள்ளங்கை அகலத்தில், என் வண்டி. ஒன்றல்ல, ஒரு வரிசை.

"இது உங்க வண்டிதானே, டோன்யா வில்மா?"

"என்னுதுதான். ஆனா இத்தனூண்டுதானே இருக்கு, டொக்டோரா."

"அளவ யாரும் கேக்கமாட்டாங்க. அந்த நாக்கு தெரியுதா இல்லையான்னுதான் கேப்பாங்க."

தெரிந்தது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், படியின் விளிம்பைக் கவ்வுகிற அந்த இரும்பு நாக்கு, வெயில் பட்டு நன்றாகவே தெரிந்தது. போட்டோக்காரனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

லா பாஸில் எங்கள் மேட்டுத்தெருவுக்கு எந்த வண்டியும் ஏறாது. படிகள்தான். எரிவாயு லாரி கீழே நின்று, ஓட்டுநர் உருளையை ஸ்பானரால் டங் டங் என்று அடிப்பான். மேலே இருக்கிறவர்கள் காலி உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, நிறைந்ததைச் சுமந்துகொண்டு ஏறவேண்டும். என் கணவர் ரெம்பெர்தோ அப்படி ஏறும்போதுதான் மழைப்பாசியில் வழுக்கி விழுந்தார். உருளை அவரைத் தாண்டி உருண்டு போய்க் கீழ்வீட்டுக் கதவில் நின்றது. அவர் முதுகு மட்டும் பழையபடி நிமிரவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறார், நான் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடி பில் போடுகிறேன்.

கடையின் இரும்புக் கதவைக் காலையில் கைப்பிடி சுற்றி ஏற்றுவது என் வேலை. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் டக் என்று ஒரு சத்தம். கையை எடுத்தாலும் கதவு கீழே இறங்காது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட சத்தம்தான். அவர் விழுந்த பிறகுதான் அது காதில் வேறு மாதிரி விழுந்தது. இதே டக் ஒன்று உருளை ஏற்றுகிற ஒரு கைவண்டிக்கும் இருந்தால், படிக்கு நடுவில் மூச்சு முட்டும்போது கையை விட்டுவிட்டு நிற்கலாமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. எல் ஆல்ட்டோவில் ஒரு வெல்டரைப் பிடித்துச் செய்துபார்த்தேன். மூன்றாவது தடவையில் நாக்கு பிடித்தது. வெல்டர் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

விஷயம் தெரிந்த நாலு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பட்டறை போடு, கம்பெனி ஆரம்பி, முதலாளி ஆகு. சொல்கிறவர்களுக்கென்ன. காலையில் ஒரு கதவைச் சுற்றி ஏற்றவே என் தோள்பட்டை கெஞ்சுகிறது, இன்னொரு கதவை யார் ஏற்றுவது? வேலைக்காரர்களைத் தேடி, வரி கட்டி, இரும்பு விலை ஏறியதற்கு ராத்திரி விழித்துக் கிடக்க எனக்கு ஆசையில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். செய்யத் தெரிந்த யாராவது இதைச் செய்யட்டும். என் யோசனைக்கு ஒரு பங்கு தரட்டும். நான் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மதியம் எனக்குக் கிடைக்கட்டும்.

அதற்கும் வழி இருக்கிறது என்று சொன்னது இந்த வக்கீலம்மா, டொக்டோரா ஹிமேனாதான். யோசனையைப் பதிவு செய்து உரிமையை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், செய்கிற உரிமையை மட்டும் வாடகைக்கு விடுங்கள், வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி என்றார். ஆனால் பதிவுக்கு முன்னால் ஊருக்குத் தெரியக்கூடாது. பார்க்கிற ஒவ்வொருவரிடமும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வெல்டர் போட்டான். அவன் மச்சான் போட்டான். படிக்கட்டு ஊர்கள் நிறைய உள்ள இத்தாலியிலிருந்து வந்து பார்த்த ஏணிக் கம்பெனிக்காரனும் சிரித்துக்கொண்டே போட்டான். அவனுக்கு வண்டி பிடித்துப்போனது. கார்னிவல் முடிந்ததும் இங்கேயும் ஐரோப்பாவிலும் சேர்த்தே பதிவு, அதற்கு அடுத்த நாள் ஒப்பந்தம் என்று பேச்சு.

வண்டியைக் கட்டிலுக்கடியில் போர்வை சுற்றி வைத்தோம். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் லாரிச் சத்தம் கேட்டால் நான் சால்வையில் உருளையைக் கட்டி முதுகில்தான் சுமந்து ஏறினேன். படியில் வண்டியை இறக்கினால் தெருவே பார்த்துவிடுமே. முதுகுவலிக்கு மருந்து கண்டுபிடித்தவள் முதுகு வலிக்கச் சுமந்தாள். இதை நினைத்து நானும் ரெம்பெர்தோவும் சில நாள் சிரித்திருக்கிறோம், சில நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறோம்.

"இத்தாலிக்காரங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"விலகிட்டாங்க. நேத்து தகவல் வந்துச்சு. நம்ம நாட்டுல பரவால்ல, கண்டுபுடிச்சவங்களே வெளிய காட்டிட்டாலும் ஒரு வருஷத்துக்குள்ள பதிவு பண்ணலாம். ஐரோப்பாவுல அந்தச் சலுகை கெடயாது. வெளிய வந்துச்சுன்னா வந்துச்சுதான். அங்க உரிமை இல்லாத சாமானுக்கு அவங்க எதுக்குப் பங்கு குடுக்கப்போறாங்க?"

"அப்ப அவங்களே செஞ்சு வித்துக்கலாமா?"

"அங்க யார் வேணா செய்யலாம். ஆனா ஒண்ணு, இது என் கண்டுபிடிப்புன்னு சொல்லி யாரும் பூட்டி வெச்சுக்கவும் முடியாது. அப்படி எவனாவது வந்தா இந்தப் படத்த எடுத்து நீட்டுங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இங்க பதிவு பண்றதா, இல்ல அப்படியே ஊருக்கு விட்டுடறதான்னு யோசிச்சு சொல்லுங்க. பதிவு பண்ணா இங்க செய்ய ஒரு ஆளத் தேடணும். மறுபடி அலையணும்."

மறுபடி என்ற சொல்லைக் கேட்டதும் கால் தானாகவே வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது ரெம்பெர்தோ சூப்புக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். அலமாரியில், கேட்டதைக் கொடுக்கிற எக்கேக்கோ சாமி வாயில் சிகரெட்டோடு நின்றார். சாமியின் காலடியில், பசீலியா செய்த குட்டி வண்டிகளில் ஒன்று, மேலே காய்ந்த பூவிதழ்களோடு இருந்தது. எங்கள் ஊரில் எது வேண்டுமோ அதைக் குட்டியாக வாங்கி, அலசீத்தா முதல் நாள் உச்சிப்பொழுதில் சாம்பிராணிப் புகை காட்டி, சாராயம் தெளித்து ஆசி வாங்கினால், வருஷம் திரும்புவதற்குள் அது பெரிதாகி வரும். வாங்குவது நமக்கு நாமே அல்ல, நம்மேல் அன்புள்ளவர்கள் வாங்கித் தரவேண்டும். இந்த வருஷம் அலசீத்தா அன்றைக்கு ரெம்பெர்தோ மருந்துக்கடைக்கே வந்து, வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு நடுவில், கோணல் முதுகோடு எட்டி ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்து நான் அழுதுவிட்டேன். வீட்டுக்குள் இருக்கப்போகிற பொம்மைதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் வண்டியைப் பெரிதாக்கித் தரும்படி சாமியிடம் அவர் கேட்டிருக்கிறார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? பட்டேன்.

"ஏன்யா, பசீலியாகிட்டதான் போகணுமா? ஊர்ல வேற தகரக்காரங்களே இல்லையா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கொமாத்ரேதானேன்னு வண்டிய வரஞ்சு குடுத்தேன். ஒண்ணுதான் கேட்டேன், வில்மா. ஒண்ணே ஒண்ணு."

நறுக்கிய கீரையை மறுபடி நறுக்கினார். நான் ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சந்தைக்கு இறங்கினேன்.

மழைக்குப் பயந்து பாதிக் கடைகளுக்கு நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பசீலியா சூடாக ஆப்பி, ஊதாச் சோளக் கஞ்சி, குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவு எனக்கு அப்போதே பாதி மறந்துபோனது. மிச்சப் பாதியைச் சொன்னேன். இத்தாலி, பதிவு, போட்டோ எல்லாம். அவள் டம்ளரை வைக்காமல் கேட்டாள்.

"ஒரு வண்டிக்குன்னு எவளாவது அச்சு வெட்டுவாளா, கொமாத்ரே? வெட்டுன அச்சு சும்மா கெடக்கணுமா? உன் புருஷன் ரகசியம்னு ஒரு வார்த்த சொல்லல."

"வேற எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்குனேன். உன்கிட்ட மட்டும் கேக்கல."

"கேட்டிருந்தா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்கமாட்டேன்."

உண்மைதான். அதனால்தான் அவளிடம் விஷயத்தையே சொல்லாமல் விட்டேன். மகளுக்கு ஞானத்தாயாக நின்றவளிடம் காகிதத்தை நீட்டி, உன்னை நம்பவில்லை, இங்கே கையெழுத்துப் போடு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலும் கெட்டது, சொல்லியிருந்தாலும் கெட்டிருக்கும்.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் பசீலியா. "வீடு வாங்கறவ சிரிச்சுக்கிட்டே வாங்குவா. காரு வாங்கறவன் வெலை பேசிட்டுதான் வாங்குவான். உன் வண்டிய எடுத்தவளுங்க எவளும் வெலையே பேசல. இது என்னன்னு கேப்பா, நாக்கப் படிமேல வெச்சுக் காட்டுவேன், அவ்வளவுதான், அப்படியே இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிப்பா. எல்லாம் மேட்டுத்தெருக்காரிங்க." பிறகு குரலை இறக்கினாள். "உன்ன இப்படி நிறுத்துவேன்னு தெரிஞ்சிருந்தா அச்ச ஆத்துல எறிஞ்சிருப்பேன்டி."

ஆப்பி தித்திப்பாக இருந்தது. குடித்தேன். அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், இல்லை கடையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டுக்கும் எழுந்து நிற்கவேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை, கடை அரைநாள் முடிந்து வந்து காலை நீட்டியபோது கீழே லாரிக்காரன் டங் டங் என்று அடித்தான். பழக்கத்தில் சால்வையை உதறினேன். ரெம்பெர்தோ சுவரைப் பிடித்து மெதுவாகக் குனிந்து, கட்டிலுக்கடியில் கைவிட்டு, போர்வையோடு வண்டியை இழுத்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நான்தான் தூக்கி உட்காரவைத்தேன்.

"எடுத்துட்டுப் போ," என்றார். "இனிமே யாருகிட்ட மறைக்கப்போறோம்?"

காலி உருளையை வண்டியில் வைத்துக் கட்டி, தூறலில் படியிறங்கிப் போய் மாற்றிக்கொண்டு திரும்பினேன். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் டக். அந்தச் சத்தத்தை இரண்டு வருஷமாக எங்கள் படியில் கேட்க ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில் மேல்வீட்டு நெமேசியா படிக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து, தன் உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உருளை ஒரு வண்டியில் இருந்தது. குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரங்கள், கட்டில் சட்டத்தில் வெட்டிய நாக்கு.

"மருமகன் செஞ்சு குடுத்தான்," என்றாள் மூச்சு வாங்க. "சந்தையில ஒரு பொம்மை வாங்குனேன், அதப் பாத்து. எவனோ வெளிநாட்டுக்காரன் கண்டுபுடிச்சதாம். வெளங்காதவன்! அவன் வாழ்க்கையில ஒரு படி ஏறியிருக்கமாட்டான். பாரு, நாக்கு பிடிக்கவே மாட்டேங்குது."

பார்த்தேன். பசீலியா பொம்மை உடையாமல் இருக்க நாக்கை அசையாமல் பற்றவைத்திருந்தாள். மருமகனும் அப்படியே ஆணி அடித்து இறுக்கிவிட்டிருந்தான். நாக்கு தொங்கவேண்டும். தொங்கினால்தான் தன் கனத்தில் விழுந்து கவ்வும்.

நெமேசியாவின் கண் அப்போதுதான் என் வண்டிமேல் போனது. "அட, நீயும் அந்தப் பொம்மையப் பாத்துதான் செஞ்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் கட்டில், போர்வை, இத்தாலி எல்லாவற்றையும் நடுப்படியில் நின்று சொல்லவேண்டும். இங்கே பதிவு செய்வதென்றால் இப்போது வாயைத் திறக்காமல் என் வீட்டுக்கு ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றும் தோன்றியது.

"இது கொஞ்சம் பழசு," என்றேன்.

என் வண்டியிலிருந்து கையை எடுத்தேன். அது அங்கேயே நின்றது. நெமேசியாவின் வண்டிக்குக் கீழே ஈரப் படியில் முட்டி போட்டு, வீட்டுச் சாவியை நெம்புகோலாகக் கொடுத்து ஆணியைப் பாதி இழுத்தேன். நாக்கு ஆடத் தொடங்கியது. விரலால் தள்ளிப்பார்த்தேன். விழுந்து விளிம்பைக் கவ்வியது.

"கைய விடு," என்றேன்.

"விட்டா உன் மேலதான் விழும்."

"விடு, நெமேசியா."

அவள் முதலில் ஒரு கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இன்னொன்றையும் எடுத்தாள். இரண்டு மஞ்சள் உருளைகளும் யார் கையும் படாமல் மழையில் நின்றன. மேலே எங்கள் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.