நெட்டையா ஒண்ணு, குட்டையா நாலு

சிக்னலில் நிறுத்தினால் போதும், அவனுடைய கிழட்டுக் கார் ஒரு விக்கல் விக்கிவிட்டு அணைந்துவிடும். மருந்துப் பார்சல் கொண்டுபோகும் வேலையே அந்தக் காரை நம்பித்தான். "மதியமும் நடுரோட்டுல நின்னுச்சுன்னா நாளைக்கு வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று மருந்துக்கடைக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். வேலை போனால், பிழைக்க வந்த இந்த நாட்டில் இருக்கவே வழியில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி, ஜெம் கிளிப்பை வளைத்து, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த இரண்டு ஓட்டை பிளக்கில் சொருகினான். சாவியைத் திருப்பினான். புதுக் கார் என்றால் கருவியை மாட்டியதும் கோளாறின் எண் திரையில் வரும். இது பழசு. எஞ்சின் லைட்டை மினுக்கி மினுக்கித்தான் எண்ணைச் சொல்லும்.

நீளமாக ஒன்று, சின்னதாக நான்கு, மொத்தம் ஐந்து முறை மினுக்கியது. ஐந்து என்றால் கம்ப்யூட்டரே காலி என்று போனில் போட்டிருந்தது. கை முழுக்க கிரீஸ். வாயால் சொல்லியே குடும்பக் குரூப்புக்கு அனுப்பினான். அவன் சொன்னது 'கண்ணடிச்சுது'. போன் எழுதியது வேறு.

"அக்கா நெட்டையா ஒண்ணு குட்டையா நாலு கண்ணடிச்சா மொத்தம் அஞ்சு என் கதை முடிஞ்சுது"

அம்மாதான் முதலில் பாய்ந்தாள். "யாருடா அந்த நெட்டச்சி? கூட நாலு குட்டச்சிங்க வேறயா? இதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனியா?"

"ஐயோ அம்மா, எஞ்சின் லைட்டும்மா!"

அதற்குள் அக்கா போனில் கூப்பிட்டுவிட்டாள். ஒர்க் ஷாப்பில் கார் எலக்ட்ரீஷியன் அவள். சிரித்துக்கொண்டே பேசினாள்.

"நெட்டை, குட்டைன்னு பிரிச்சுப் பார்த்தியே, அது சரி. அப்புறம் எதுக்குடா எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டின? நெட்டைன்னா பத்து. குட்டை நாலு. பதினாலு!"

"பதினாலுன்னா... இன்னும் மோசமாக்கா?"

"டேய் பதட்டம்!" வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல. நின்ன இடத்துல எஞ்சின் மூச்சு விடறதுக்கு ஒரு வால்வு இருக்கு. சாவியை அணைச்சுட்டு அதோட பிளக்கை ஆட்டிப் பாரு."

ஆட்டினான். கையோடு வந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு. சுரண்டித் துடைத்து, 'டக்' என்று அழுத்தினான்.

மதிய ஓட்டத்தில் வந்த முதல் சிவப்பு விளக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எஞ்சின் அதுபாட்டுக்கு முனகிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவனுக்கும் மூச்சு வந்தது. பார்சலைக் கொடுத்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, குரூப்புக்கு அனுப்பப் போனிடம் சொன்னான்.

"சிக்னல்ல நின்னேன். வண்டி நிக்கல!"

அம்மாவின் பதில் உடனே வந்தது.

"வண்டி நிக்காம நீ மட்டும் எப்படிடா நின்ன? குதிச்சிட்டியா?"